செவியும் கிவியும்: கல்முனைத் தமிழ் எந்தக் கிளை?

1885ஆம் ஆண்டு இலங்கைச் சட்டநிரூபண சபையில் பொன்னம்பலம் இராமநாதன் ஒரு கருத்தைச் சொன்னார். சோனகர் எனப்படும் இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே, மார்க்கம் மட்டும்தான் வேறு என்பது அதன் சாரம். 1888இல் அதையே விரித்துக் கட்டுரையாக வெளியிட்டார். அவர் அடுக்கிய சான்றுகளில் முக்கியமான ஒன்று மொழி: வீட்டிலும் கடைத்தெருவிலும் இவர்கள் கதைப்பது தமிழ். இதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு எழுதினார். முன்னோர் அரபிகள், மொழி பிறகு வந்து சேர்ந்தது என்ற வழியில் அவருடைய வாதம் போனது. நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த வழக்கு ஓயவில்லை. கிழக்கிலங்கையின் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ பேச்சு மொழியைப் பற்றித் தொடங்கினால் சற்று நேரத்தில் இனத்தைப் பற்றியதாக மாறிவிடுகிறது. நம்முடையது அரபு கலந்த தனிப் பேச்சு, அதைத் தமிழ் என்றே சொல்லக் கூடாது என்பார் ஒருவர். தமிழ்தானே கதைக்கிறீர்கள், பிறகு தமிழர் என்று சொல்ல ஏன் தயக்கம் என்பார் மற்றவர். இரண்டு பேரும் ஒரே தவறான படியில் நின்றுகொண்டு வாதாடுகிறார்கள் என்பதுதான் இங்கே சொல்ல வருவது. ஒரு பேச்சு எந்த மொழிக் குடும்பத்தில் எந்தக் கிளையில் சேரும் என்பதைத் துல்லியமாகக் கண்டறிய ஒரு முறை இருக்கிறது. அது சொல்லும் தீர்ப்பைக் குறைவில்லாமல் ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்ட பிறகும், பேசுகிறவரின் வம்சத்தைப் பற்றி அதிலிருந்து ஒன்றும் பெற முடியாது.

இந்த முறையை நம்முடைய சண்டைகளுக்குத் தொலைவான ஓரிடத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாக விளங்கும். ஐரோப்பாவின் கிழக்குப் பாதியில் பேசப்படும் ஸ்லாவிய மொழிகள் அதற்குப் பொருத்தமானவை. 30 கோடி அளவிலான மக்கள் பேசும் அந்தக் குடும்பத்தை மூன்று கிளைகளாகப் பிரிப்பார்கள். ரஷ்யம், உக்ரேனியம், பெலருஸ்யம் கிழக்குக் கிளை. போலிஷ், செக், ஸ்லொவாக் முதலியவை மேற்குக் கிளை. ஸ்லொவேனியம், குரோஷியம், பொஸ்னியம், சேர்பியம், மசிடோனியம், பல்கேரியம் தெற்குக் கிளை. வரைபடத்தைப் பார்த்துத் திசையால் பிரித்தார்கள் என்று தோன்றும். பிரித்தது ஒலிகளால். மூல ஸ்லாவிய மொழியில் அரண் சூழ்ந்த ஊருக்கு 'கோர்து' என்பதுபோல ஒரு சொல் இருந்தது. இரண்டு மெய்கள் நெருங்கி நின்ற அந்த இடம் நாவுக்கு இடைஞ்சலானபோது ஒவ்வொரு பகுதியும் தன் வழியில் அதைத் தீர்த்துக்கொண்டது. கிழக்கே நடுவில் ஓர் உயிரைக் கூட்டி 'கொரொத்' என்றார்கள். தெற்கே ரகரத்தை முன்னே தள்ளி 'கிராத்' என்றார்கள். போலந்தில் அதே இடமாற்றம் வேறோர் உயிரோடு நடந்தது. இந்த ஒரு சொல்லோடு இது நிற்கவில்லை. பாலுக்கு ரஷ்யத்தில் 'மொலொகோ', பல்கேரியத்தில் 'ம்லியாகோ', போலிஷில் 'ம்லேகோ'. தலைக்கு ரஷ்யத்தில் 'கொலொவா', சேர்பியத்தில் 'கிலாவா'. மெய்கள் அப்படி நெருங்கிய சொற்களிலெல்லாம் கிழக்கே உயிர் கூடுகிறது, மற்ற இடங்களில் மெய் இடம் மாறுகிறது. ஒழுங்காக, வரிசையாக நடந்த இந்தப் புதுமைதான் ரஷ்யத்தையும் உக்ரேனியத்தையும் ஒரு கொப்பில் வைக்கிறது. மொழியியலார் இதைப் பொதுப் புத்தாக்கம் என்பார்கள். கிளையைத் தீர்மானிப்பது அதுவே. பழையதைக் காப்பாற்றி வைத்திருப்பதால் இரண்டு மொழிகள் ஒரு கிளையாவதில்லை. சேர்ந்து மாறினால்தான் ஒரு கிளை.

கவனமாகப் படிக்கிறவர் இங்கே கேட்பார்: ரஷ்யர் 'கொரொத்' என்பவர்கள் என்றால், லெனின்கிராட், வொல்கொகிராட் என்ற ரஷ்ய ஊர்ப் பெயர்களில் 'கிராட்' எப்படி வந்தது? நல்ல கேள்வி. அந்த 'கிராட்' கடன். 9ஆம் நூற்றாண்டில் சிரிலும் மெதோதியுவும் கிறிஸ்தவ மறை நூல்களை மொழிபெயர்த்தது தெற்கு ஸ்லாவியப் பேச்சில். அந்தத் திருச்சபை மொழி ரஷ்யாவுக்குள் மார்க்கத்தோடு போய், உயர்ந்த நடைக்கு உரிய சொற்களை அங்கே விட்டது. சாதாரண ஊருக்கு 'கொரொத்', கம்பீரமாகப் பெயர் வைக்க 'கிராட்'. வேத மொழியிலிருந்து நூற்றுக்கணக்கான சொற்கள் வந்து குவிந்தும் ரஷ்யம் தெற்குக் கிளைக்கு மாறிவிடவில்லை. கடன் சொல்லுக்குக் கிளையை மாற்றும் வலிமை இல்லை என்பதற்கு இதைவிடக் கச்சிதமான சான்று கிடைப்பது அரிது.

பொஸ்னியாவுக்கு வந்தால் நம்முடைய கடற்கரைக்கே வந்ததுபோல் இருக்கும். 1850இல் வியன்னாவில் கூடிய சேர்பிய, குரோஷிய அறிஞர்கள் தங்கள் எழுத்து மொழி ஒன்றே என்று உடன்பட்டார்கள். யூகோஸ்லாவியா உடைந்த 1990களுக்குப் பிறகு அதே பேச்சு சேர்பியம், குரோஷியம், பொஸ்னியம், மொண்டெநெக்ரியம் என்று நான்கு பெயர்களில் நடக்கிறது. சேர்பியர் பெரும்பாலும் ஓர்தொடொக்ஸ் சபையினர், குரோஷியர் கத்தோலிக்கர், பொஸ்னியாக்கர் முஸ்லிம்கள். கோப்பி ஒருவருக்கு 'காஃபா', இன்னொருவருக்கு 'காவா', முஸ்லிமுக்கு 'கஹ்வா'. துருக்கி வழியாக வந்த அரபு, பாரசீகச் சொற்கள் பொஸ்னியத்தில் ஏராளம். ஒரு காலத்தில் அவர்கள் தங்கள் ஸ்லாவிய மொழியை அரபு எழுத்திலேயே எழுதினார்கள், தங்கள் ஒலிகளுக்காக அதில் புதிய எழுத்துகளும் சேர்த்துக்கொண்டார்கள். நம் முன்னோர் ப, ட, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்தில் புள்ளி கூட்டி அரபுத் தமிழ் எழுதியதும் இதே வேலை. நோன்புக்கு பொஸ்னிய முஸ்லிம் சொல்வது 'போஸ்த்' என்ற ஸ்லாவியச் சொல். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவரும் தன் உபவாசத்துக்கு அதையே சொல்கிறார். பாவை நோன்பும் ரமழான் நோன்பும் தமிழில் ஒரே சொல்லால் நடப்பதுபோல. இவ்வளவு இருந்தும் எந்த மொழியியலாளரும் பொஸ்னியத்தைத் தெற்கு ஸ்லாவியக் கிளையிலிருந்து எடுத்து வெளியே வைத்ததில்லை. பொஸ்னியாக்கரைச் சேர்பியர் என்றும் அந்தக் கிளைக் கணக்கு ஆக்கிவிடவில்லை.

இனி நம் குடும்பம். 1816இல் சென்னையில் எல்லிஸ் தென்னக மொழிகள் சமஸ்கிருதத்தில் பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்று எழுதிக் காட்டினார். 1856இல் கால்டுவெல் அதை ஒப்பிலக்கணமாக நிறுவினார். 1961இல் பரோவும் எமனோவும் திராவிடச் சொற்பிறப்பகராதியை வெளியிட்ட பிறகு ஆய்வு உறுதியான தரையில் நின்றது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003இல் வெளியிட்ட பெருநூல் குடும்பத்தை நான்கு கிளைகளாக வைக்கிறது. தமிழ், மலையாளம், தோடா, கோத்தா, குடகு, கன்னடம், துளு முதலியவை தெற்கு. தெலுங்கு, கோண்டி, குயி முதலியவை தென்மையம். கொலாமி, பர்ஜி முதலியவை மையம். குடுக்கு, மால்தோ, பிராகூயி வடக்கு. இந்தப் பெயர்களை மனனம் செய்வதால் பயனில்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் போதும், கிளைகள் தாமாகத் தெரியும்.

காது என்று பொருள்படும் 'செவி' அப்படிப்பட்ட சொல். கன்னடத்தில் அது 'கிவி'. மூல மொழியில் ககரமே இருந்தது, தமிழ் அதைச் சகரமாக மாற்றியது. கன்னடக் 'கிரிய' என்பதும் நம் 'சிறிய' என்பதும் அதே சோடி. இகரத்துக்கும் எகரத்துக்கும் முன்னே நின்ற ககரம் நாவின் நடுப்பகுதிக்கு இழுபட்டுச் சகரமானது. ஆனால் 'கிளி', 'கெடு' என்ற சொற்களில் அப்படி ஆகவில்லை. ஏன்? அடுத்து வருகிற ளகரமும் டகரமும் நுனிநா மடிந்து பிறப்பவை. மடிந்த நா ககரத்தைக் காப்பாற்றிவிட்டது. சொல்லிப் பார்த்தால் எவரும் தன் வாயிலேயே இதை உணரலாம்: 'செவி' என்னும்போது நா தட்டையாகக் கிடக்கிறது, 'கெடு' என்னும்போது நுனி மேலே சுருள்கிறது. மலையாளத்திலும் இதே விதி, இதே விலக்கு: 'செவி', 'கிளி'. தெலுங்கிலும் 'செவி' இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அங்கே கெடுவதற்கு 'செடு' என்றும் கிளிக்கு 'சிலுக்க' என்றும் சொல்வார்கள். தெலுங்கு இந்த விலக்கை அறியாது. விளைவு ஒன்றுபோல் தெரிந்தாலும் தெலுங்கு தனியாக மாறியது, தமிழும் மலையாளமும் சேர்ந்து மாறின. இரண்டு சொற்கள் ஒத்துப்போகின்றன என்று உடனே உறவு கொண்டாடக் கூடாது, மாற்றத்தின் நிபந்தனை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தத் துறையின் அழகு முழுவதும் அந்த விலக்குகளில்தான் இருக்கிறது. தெற்குக் கிளைக்கு இன்னொரு முத்திரை 'அவள்'. கன்னடத்தில் 'அவளு', மலையாளத்தில் 'அவள்', துளுவில் 'ஆள்'. பெண்பால் ஒருமைக்கு இப்படி ஒரு தனிச் சொல்லை உண்டாக்கியது இந்தக் கிளை மட்டுமே. தெலுங்கில் ஒரு பெண்ணைச் சுட்டவும் ஒரு மரத்தைச் சுட்டவும் 'அதி' போதும். மரியாதையாகச் சொல்ல வேறு சொல் பிறகு வந்தது. தெலுங்கும் அதன் தோழமை மொழிகளும் வேறொரு விளையாட்டு விளையாடின: நம் 'உரல்' அங்கே 'ரோலு', நம் 'உள்' அங்கே 'லோ', நம் 'மரம்' குயி மொழியில் 'ம்ரஹ்னு'. நடுவிலிருந்த மெய் முன்னே தாவிவிட்டது. 'கோர்து' 'கிராத்' ஆன கதையோடு இதற்கு எந்த உறவும் கிடையாது. மனித நா எங்கும் ஒன்றே என்பதால் ஒரே தந்திரம் இரண்டு இடங்களில் தோன்றியது.

இந்தச் சல்லடையில் கல்முனைப் பேச்சைப் போட்டுப் பார்ப்போம். மருதமுனை முதல் பொத்துவில் வரை முஸ்லிம் ஊர்களில் கேட்கும் பேச்சில் மேலே மிதப்பவை அரபுச் சொற்கள்: மௌத்து, ஹயாத்து, நிய்யத்து, நசீபு, துஆ, பர்ளு. ஆனால் ஒவ்வொன்றும் உள்ளே நுழையும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். மரணத்தைக் குறிக்கும் 'மௌத்' அரபியில் தகரத்தோடு நின்றுவிடும். இங்கே தகரம் இரட்டித்து உகரம் ஏறி 'மௌத்து' ஆகிறது. ஆங்கிலக் 'கப்' 'கப்பு' ஆகும் அதே விதி, குற்றியலுகரத்தின் விதி. பிறகு அந்தச் சொல் 'மௌத்தாகிட்டாங்க' என்று தமிழ் வினையின் தோளில் ஏறுகிறது, 'மௌத்துக்குப் போனேன்' என்று நான்காம் வேற்றுமை எடுக்கிறது. சொல் விருந்தாளி, வீட்டின் சட்டம் வீட்டாருடையது. மார்க்க வாழ்வின் அடிப்படைகளுக்கே தமிழ்ச் சொற்கள் நிற்பதையும் மறக்கக் கூடாது: தொழுகை, நோன்பு, பள்ளி, பெருநாள், ஓதுதல். இவை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அண்மையில் செய்து வைத்த சொற்கள் அல்ல, தலைமுறை தலைமுறையாக உம்மாமாரின் வாயில் இருந்தவை. போர்த்துக்கேயர் விட்டுப்போன கதிரையும் அலுமாரியும் சப்பாத்தும் பாணும், ஒல்லாந்தர் விட்டுப்போன கந்தோரும் இதே கதைதான். அவற்றை வைத்து எவரும் இலங்கைத் தமிழை ஐரோப்பிய மொழிகளோடு சேர்க்கப் போவதில்லை.

உறவுப் பெயர்கள் இன்னும் ஆழமாகப் பேசுகின்றன. உம்மாவின் உம்மா உம்மும்மா, வாப்பாவின் உம்மா வாப்பும்மா. இரண்டு உயிர் சந்திக்கும் இடத்தில் முதல் உயிர் கெட்டு அடுத்தது ஒட்டிக்கொள்ளும் தமிழ்ப் பேச்சின் புணர்ச்சி இது. 'சாச்சா' என்ற சொல் வட இந்தியாவிலிருந்து வந்தது. அங்கே 'சாச்சி' என்றால் சாச்சாவின் மனைவி மட்டுமே, உம்மாவின் தங்கைக்கு அங்கே வேறு சொல். இங்கே சாச்சி என்றால் முதலில் உம்மாவின் தங்கை, அவள் கணவர் சாச்சா. வாப்பாவின் தம்பியும் சாச்சா. அதாவது சித்தி, சித்தப்பா என்ற திராவிட அச்சு அப்படியே இருக்கிறது, மேலே ஒட்டிய பெயர் மட்டும் புதிது. மாமி மகனை மச்சான் என்றும் சாச்சா மகனைக் காக்கா, தம்பி என்றும் பிரிக்கிற அந்தக் கணக்கை எந்தக் கடன் சொல்லும் தொடவில்லை. 'காக்கா' காயல்பட்டினத்திலும் மலபார் மாப்பிள்ளைமாரிடத்திலும் இருக்கிறதே, அப்படியானால் கல்முனைப் பேச்சு அவர்களோடு ஒரு தனிக் கிளையா என்று கேட்கத் தோன்றும். இல்லை. கடல் வழி வணிகமும் திருமணமும் மார்க்கக் கல்வியும் சொற்களைக் கரைகளுக்கிடையே கொண்டுபோயின. பகிர்ந்த சொற்கள் போக்குவரத்துக்குச் சாட்சி, பிறப்புக்கு அல்ல.

கிழக்கிலங்கைப் பேச்சு மலையாளத்துக்கு நெருக்கம் என்ற கருத்தும் பரவலாக உண்டு. குடி முறையும் தாய்வழி மரபும் சேரநாட்டை நினைவூட்டுவதால் மொழியையும் அதோடு கட்டுகிறார்கள். இங்கே மலையாளத்தின் சொந்தப் புதுமைகளைக் கேட்க வேண்டும். மூக்கொலியும் வல்லினமும் சேர்ந்த இடத்தில் மலையாளம் வல்லினத்தைக் கரைத்து மூக்கொலியாக்கியது: மாங்காய் அங்கே 'மாங்ஙா', வந்து என்பது 'வன்னு'. வினைமுற்றின் ஈறுகளையும் அது உதிர்த்துவிட்டது. ஞான் வன்னு, அவன் வன்னு, அவள் வன்னு. கல்முனையில் மாங்கா மாங்காதான், அவன் வந்தான், அவள் வந்தாள். மலையாளத்தின் பாதையில் ஓரடிகூட இந்தப் பேச்சு வைக்கவில்லை. ஒற்றுமைபோல் தெரிபவை பெரும்பாலும் இரண்டும் கைவிடாமல் வைத்திருக்கும் பழமைகள். 'வெற்றி' என்ற சொல்லை இலங்கையில் வாசிக்கும்போது ற்ற என்பதை நுனிநா முரசில் ஒட்டி வெடிக்க விடுவார்கள், ரகரச் சாயல் இராது. மலையாளத்திலும் அப்படியே. அதனால்தான் இங்கே 'பற்றரி', 'ரொறன்ரோ' என்று எழுதும் வழக்கம் வந்தது. அது மூலத் திராவிடத்துக்கே உரிய ஒலி, நீலகிரித் தோடரிடமும் இருக்கிறது. ஒரு பாட்டனின் மோதிரம் இரண்டு பேரன்மாரிடம் இருந்தால், அந்த இருவரும் மற்றப் பேரர்களைவிடத் தமக்குள் நெருக்கமானவர்கள் என்று ஆகாது.

பழமை காப்பதைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெருமையும் பிழையும் அங்கே ஒன்றாகக் கலக்கின்றன. பிராகாவில் 1927இல் பிறந்த செக் அறிஞர் கமில் சுவலபில், தாய்மொழியால் ஒரு மேற்கு ஸ்லாவியர், 1966இல் இலங்கைத் தமிழின் கூறுகளைப் பற்றி எழுதியபோது மட்டக்களப்புத் தமிழ் பேச்சு வழக்குகளிலேயே எழுத்து நடைக்கு மிக அருகில் நிற்பது, பல தொன்மைகளைக் காத்தது என்று மதிப்பிட்டார். கிழக்குக் கரையில் இதை மேடைதோறும் எடுத்துச் சொல்கிறார்கள், சொல்லட்டும். ஆனால் அவர் அந்தப் பேச்சை மற்ற இலங்கைத் தமிழ் வழக்குகளோடு சேர்த்து வகுத்தது அதன் தொன்மையை வைத்தும் அல்ல, சொற்களை வைத்தும் அல்ல, ஒலியமைப்பின் பண்புகளை வைத்து. கிழக்குக்கே உரிய சில புதுமைகளையும் அவர் சுட்டிக்காட்டினார் என்பதை மேடைகள் விட்டுவிடுகின்றன. எனக்கு அந்தப் பகுதிதான் மதிப்புள்ளது. தொன்மை பொதுச் சொத்து. ஒரு பேச்சை அடையாளம் காட்டுவது அது சொந்தமாகச் செய்துகொண்ட மாற்றம்.

இந்த முறைக்கு எதிராக வலுவான ஓர் ஆட்சேபம் உண்டு. சொற்கள்தான் கடன் போகும், இலக்கணம் போகாது என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள், இலக்கணமும் போகுமே? போகும். இலங்கை மலாயர் அதற்குக் கண்முன் உள்ள உதாரணம். ஒல்லாந்தர் காலத்தில் இன்றைய இந்தோனேசியப் பகுதியிலிருந்து வந்தவர்களின் மொழி, தமிழோடும் சிங்களத்தோடும் தலைமுறைகளாகப் புழங்கி, வினையை வாக்கியத்தின் கடைசிக்குக் கொண்டுபோனது, பெயருக்குப் பின்னால் வேற்றுமை உருபுகளை ஒட்டத் தொடங்கியது. வாக்கியத்தை மேலோட்டமாகக் கேட்டால் தமிழ் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். பல்கேரியமும் அப்படியே: ஸ்லாவிய மொழிகளின் பெருமையான வேற்றுமைகளை அது பெயர்ச்சொற்களில் உதிர்த்துவிட்டு, பக்கத்து ருமேனியம், அல்பேனியம்போலச் சுட்டுச் சொல்லைப் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டது. புத்தகம் 'க்னீகா', அந்தப் புத்தகம் 'க்னீகாதா'. இங்கே கவனிக்க வேண்டியது, கடன் போனது அச்சு, பொருள் அல்ல என்பது. 'க்னீகா' ஸ்லாவியம், வாலில் ஒட்டிய 'தா'வும் பழைய ஸ்லாவியச் சுட்டே. மலாயரின் உருபுகள் செய்யும் வேலை தமிழின் வேலை, அந்த உருபுகளின் ஒலி வடிவமோ தமிழ் 'ஐ'யும் 'கு'வும் அல்ல. பரம்பரைக் கணக்கு ஒலி வடிவங்களைப் பின்தொடர்கிறது, அவை எந்த வரிசையில் அடுக்கப்பட்டன என்பதை அல்ல.

அப்படியானால் எவ்வளவு சொல் போனால் குடும்பம் போய்விடும்? பலூச்சிஸ்தானின் பிராகூயி இதற்குக் கடைசி எல்லையைக் காட்டுகிறது. அதன் சொற்களில் மிகப் பெரும்பகுதி பலூச்சி, பாரசீகம், சிந்தி, அரபு. எழுத்து அரபு வழி வந்தது. பேசுகிறவர்கள் முஸ்லிம்கள். எண்ணத் தொடங்கினால் 'அசிட், இரட், முசிட்' என்று மூன்று வரைதான் திராவிடம், நான்கிலிருந்து ஈரானிய எண்கள். ஆனால் முன்னிலை 'நீ'. கண் 'ஹன்', செவி 'ஹஃப்'. அந்த முதல் எழுத்தை நம் ஹகரமாக உச்சரிக்கக் கூடாது, 'ஹைர்' என்ற அரபுச் சொல்லை ஓதும் முறையில் சொல்லும்போது தொண்டையில் உரசி வருமே, அந்த ஒலி. குர்ஆன் ஓதிப் பழகிய கல்முனைப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அரபுச் செல்வாக்கால் பிராகூயிக்கு அது வந்தது என்று நினைத்துவிடலாம். ஜார்க்கண்ட் காடுகளில் வாழும் குடுக்கு மக்களும் கண்ணை அதே உரசலோடு 'ஹன்' என்கிறார்கள், செவியை 'ஹெப்தா' என்கிறார்கள். அவர்களை அரபு தொட்டதில்லை. மூல ககரம் உரசொலியானது வடக்குக் கிளையின் புதுமை. 'கிவி', 'செவி', 'ஹஃப்': ஒரே சொல் மூன்று திசைகளில் நடந்துபோன தடம் இது. 2018இல் வெளியான ஒரு கணினி வழி ஆய்வு திராவிடக் குடும்பத்தின் வயதைச் சுமார் 4,500 வருடங்கள் என்று கணித்தது. ஸ்லாவியம் பரவிப் பிரியத் தொடங்கி ஏறத்தாழ 1,500 வருடம்தான். பல்கேரியரும் ரஷ்யரும் சிரமப்பட்டால் ஒருவரை ஒருவர் ஓரளவு விளங்கிக்கொள்வதற்கும், பிராகூயியின் ஒரு வாக்கியம்கூட நமக்கு விளங்காததற்கும் அந்தக் கால வித்தியாசம் காரணம்.

மரம் என்ற உருவகமே சரியா என்று கேட்பவர்களும் உண்டு. 1872இல் யொஹானஸ் ஷ்மித் மாற்றங்கள் குளத்தில் விழுந்த கல்லின் அலைபோலப் பரவுகின்றன, கிளை எல்லைகளை அவை மதிப்பதில்லை என்றார். உண்மை. ககரம் ஹகரமாகும் மாற்றம் செக்கிலும் உக்ரேனியத்திலும் இருக்கிறது: ஒருவருக்கு 'ஹ்ராத்', மற்றவருக்கு 'ஹொரொத்'. ஒன்று மேற்குக் கிளை, மற்றது கிழக்கு. அலை எல்லையைத் தாண்டியது. ஆனால் அந்த 'ஹொரொத்' என்ற சொல்லின் நடுவே கிழக்கின் முத்திரையான உயிர் அப்படியே இருப்பதைப் பாருங்கள். அலை மேலே ஓடியது, கொப்பு அடியில் தெரிகிறது. நம் கரையில் அலைகளுக்குக் குறைவில்லை. மருதமுனைக்குத் தெற்கே பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, பிறகு விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, பிறகு நிந்தவூர் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கின்றன. வயல்களுக்கும் சந்தைக்கும் இருவரும் ஒரே பாதையில் போகிறார்கள். அதனால் கல்முனைக்குடியின் பேச்சும் காரைதீவின் பேச்சும் பெரும்பகுதி ஒன்றாக ஓடுகின்றன, மார்க்கச் சொற்களிலும் சில ஈறுகளிலும் உறவுப் பெயர்களிலும் பிரிகின்றன. கிளை என்று சொல்லத்தக்க ஆழமான பிரிவு அவற்றுக்கிடையே இல்லை. இரண்டும் இலங்கைத் தமிழ், அது தமிழ், அது தெற்குத் திராவிடம். சலுகையாகவோ விட்டுக்கொடுத்தோ சொல்வதல்ல இது. சல்லடை சொல்வது.

இராமநாதனிடம் திரும்புவோம். மொழிக் கிளை இனத்தைக் காட்டும் என்ற அவருடைய அளவுகோலை நேர்மையாக எடுத்துக்கொண்டு அம்பாறைச் சந்தையில் வைத்துப் பார்க்கலாம். அங்கே சிங்கள வியாபாரி 'தெக, துன, ஹதர' என்று எண்ணுகிறார். மொஸ்கோவில் ரஷ்யர் எண்ணுவது 'த்வா, த்ரி, சிதீரி'. பத்துக்கு அவர் 'தஹய', இவர் 'தேசித்'. சிங்களமும் ஸ்லாவிய மொழிகளும் இந்தோ ஐரோப்பியம் என்ற ஒரே பெருங்குடும்பம் என்பதில் சந்தேகமில்லை. அதனால் சிங்களவரும் ரஷ்யரும் ஒரே இனம் என்று இராமநாதனே சொல்லியிருக்க மாட்டார். மொழி தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதுபோலவே அயலவரிடமிருந்தும் சந்தையிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் போகும், இரத்தம் அப்படிப் போகாது. அஸீஸின் வாதத்திலும் அதே ஓட்டை மறுபக்கமாகத் தெரிகிறது. முன்னோரில் அரபிகள் இருந்திருக்கலாம், அந்த உண்மை 'செவி'யின் சகரத்தை மீண்டும் ககரமாக்காது. ஆனாலும், இந்தப் பேச்சு தமிழ் என்று ஒத்துக்கொண்டால் முஸ்லிம் என்ற தனி அடையாளம் கரைந்துபோகும் என்று அஞ்சுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த அச்சத்துக்கு அரசியல் காரணங்கள் உண்டு, அவற்றைச் சிறிதாக்கிப் பேசக் கூடாது. மொழியியல் காரணம் மட்டும் கிடையாது.

கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம்.ஏ. நுஃமான் இதே கரையின் மொழியியலாளர், கவிஞர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். மாணவர்கள் இன்றும் கையில் வைத்திருக்கும் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' அவர் எழுதியது. இலங்கை முஸ்லிம்களின் இன அடையாளம் மொழியில் அல்லாமல் மார்க்கத்தில் வேரூன்றி வளர்ந்ததை விளக்கி எழுதியவரும் அவரே. இரண்டு எழுத்துக்கும் இடையில் அவர் எதையும் திருத்திக்கொள்ளவோ திரும்பப் பெறவோ தேவைப்படவில்லை.